மனம் விட்டுக் கதைக்க ஒரு கதிரை: திருகோணமலையில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் கிழமைக்கு மூன்று பின்னேரம் ஓர் அறையைத் திறந்து வைத்து, வருகிறவர் சொல்வதைக் கேட்கிற சிறிய தொண்டர் குழு எங்களுடையது. கணவனை இழந்தவர், வேலை போனவர், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து சொந்த வீட்டிலேயே ஒட்ட முடியாமல் தவிப்பவர், பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து அறையை விட்டு வெளியே வராத பிள்ளையின் தாய் என்று பலரும் வருகிறார்கள். கோயில் வீதியில், மூதூர் பஸ்ஸில், கிண்ணியாவில் நடந்த கூட்டத்தில் என்று எங்கே போனாலும் எங்களிடம் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். இப்போது பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

இதில் வரும் சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்றை மட்டும் உரியவரிடம் கேட்டு, அவர் ஓம் என்று சொன்ன பிறகு நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

"இது கவுன்சிலிங் தானே? வேற பேர்ல சொல்லுறீங்களா?"

இல்லை. உளவளத்துணை என்பது அதற்கென்று படித்தவர்கள் செய்யும் வேலை. பிரதேச செயலகங்களில் அதற்கு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மனநோய்க்கு மருந்து தருவது வைத்தியரின் வேலை. நாங்கள் அந்த இரண்டு வேலையும் செய்கிறவர்கள் அல்ல. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தன் அடுப்பு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் உங்களுக்காக மட்டும் இருந்தால் எப்படியோ, அப்படித்தான். ஆனால் இந்த அக்கா கேட்டதை அடுத்த வேலியில் போய்ச் சொல்ல மாட்டார். "நீ அப்பவே இப்பிடிச் செய்திருக்கலாம்" என்றும் சொல்ல மாட்டார்.

முறை பழையது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற மதகுரு, உயிரை மாய்க்க நினைக்கிறவர்கள் தன்னை அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி இலக்கத்தை அறிவித்தார். அவரைச் சந்திக்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக் கதைத்துக்கொண்டிருக்கச் சில சாதாரண ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். நாள் போகப் போக, பலர் அந்தத் தேநீரோடும் கதையோடும் மனம் ஆறி, அவரைப் பார்க்காமலே திரும்பிப் போவதை அவர் கண்டார். அடுத்த ஆண்டே கேட்கும் பொறுப்பை அந்தத் தொண்டர்களிடம் கொடுத்துவிட்டார். இலங்கையில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற தொண்டர் அமைப்பும் அந்த வழியில் வந்ததுதான். எங்கள் குழு அதன் கிளை அல்ல. முறை மட்டும் அங்கிருந்து படித்தது.

"சும்மா கதையைக் கேட்டா என்ன தீரும்? என்ட கடனை நீங்க அடைப்பீங்களா?"

அடைக்க மாட்டோம். எங்களிடம் காசு இல்லை. கேட்பதால் கடன் ஒரு ரூபாயும் குறையாது. இதை முதல் நாளே நேராகச் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் கிழமைக் கடன் எடுத்தவர். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று என்று நான்கு இடத்தில். கடன் கொப்பிகளை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தார். மூன்றாம் முறை வந்தபோது நான்கையும் பையில் கொண்டு வந்து மேசையில் விரித்தார். அதற்கு முன் அவற்றை அவர் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கொப்பியின் ஓரத்தில் அரிசி மா ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதை முதல்ல முடிக்கணும். அவருக்கும் சொல்லத்தான் வேணும்" என்றார். அந்த முடிவை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. பயத்தைத் தனியே சுமக்கும்போது மனம் ஒரே இடத்தில் செக்கு மாடு போலச் சுற்றும். இன்னொருவர் முன்னால் அது சொல்லாக வெளியே வந்தால், எது முதல், எது பிறகு என்று சொன்னவருக்கே பிடிபடத் தொடங்கும்.

"எனக்கு விசர் இல்லையே. நான் ஏன் வரணும்?"

அந்த ஒரு சொல் எத்தனையோ பேரை எங்கள் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் நோயாளிகள் அல்ல. வாழ்க்கை மாறிவிட்டது, மனம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

கெட்ட மாற்றம் மட்டும்தான் ஆளை உலுக்கும் என்றும் இல்லை. 2006இல் போரால் சம்பூரை விட்டு ஓடிய சனங்கள் ஒன்பது, பத்து வருசம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு 2015இலும் 2016இலும் காணிக்குத் திரும்பினார்கள். ஊரே சந்தோசப்பட்ட விசயம். ஆனால் கிணறு எங்கே இருந்தது என்று தேடித் தேடி நடந்த ஒரு தாத்தாவுக்குத் திரும்பி வந்த பிறகுதான் நித்திரை போனது. கட்டாரில் பல வருசம் உழைத்துவிட்டு நிரந்தரமாக வீட்டுக்கு வந்த தகப்பன் ஒருவர், "பிள்ளைகள் என்னட்ட ஒண்டும் கேட்க மாட்டாங்க. அம்மாட்டத்தான் கேட்பாங்க" என்று சொல்லிவிட்டு மிச்ச நேரமெல்லாம் கையில் இருந்த மோட்டார் சைக்கிள் திறப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். இவர்களுக்கு என்ன நோய்? ஒன்றும் இல்லை. கேட்க ஆள் இல்லை.

நோய் இருக்கும் இடமும் உண்டு. கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து முகம் கழுவக்கூட ஏலவில்லை, யாருக்கும் கேட்காத குரல் தனக்குக் கேட்கிறது என்றால், கேட்பது மட்டும் போதாது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்வோம். விரும்பினால் துணைக்கும் வருவோம். மருந்து தொடங்கிய பிறகும் எங்களிடம் வந்து கதைக்கலாம்.

"எவ்வளவு காசு?"

ஒன்றும் இல்லை. நன்றிக்கு மீனும் முருங்கைக்காயும் கொண்டு வருகிறவர்களிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். ஒரு முறை வாங்கினால், கொண்டு வர வசதி இல்லாத கிழமை அவர் வராமல் விட்டுவிடுவார்.

"திருகோணமலை சின்ன ஊர். நான் சொன்னது நாளைக்குச் சந்தையில நிக்காதா?"

நியாயமான பயம். இங்கே யார் எந்தத் தெருவில் திரும்பினார் என்றுகூடக் கதை வரும். அதனால் பெயர் கேட்பதில்லை. என்ன பெயர் சொன்னாலும் அதுதான் பெயர். கதையை எழுதி வைப்பதில்லை. திகதியும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் மட்டும்தான் கொப்பியில் இருக்கும். தொண்டர் தன் வீட்டாரிடமும் சொல்லக் கூடாது. உள்ளே இருப்பவர் உங்களுக்குத் தெரிந்த ஆளாக இருந்தால், "வேற ஆளோட கதைக்கிறன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் வாய் திறப்போம். ஒரு உயிர் உடனடி ஆபத்தில் இருந்தால். ஒரு சிறுபிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வது தெரிந்தால். அப்போதும் உங்களுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் செய்ய மாட்டோம். "இதை நாங்க இன்னாரிட்ட சொல்ல வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் செய்வோம். இதைக் கதை தொடங்க முன்னமே சொல்லிவிடுகிறோம்; பாதியில் சொன்னால் அது ஏமாற்று.

"நாங்க முஸ்லிம் ஆக்கள். ராத்தா இத்தாவில இருக்கா, வெளியில வர ஏலாது. அவவோட ஆராவது கதைக்க ஏலுமா?"

ஏலும். கணவர் மவுத்தான பிறகு நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும்போது வீட்டில் சனம் நிறைய இருக்கும், ஆனால் மனம் விட்டுக் கதைக்கிற ஆள் இருக்காது என்று பல சகோதரிகள் பிறகு சொல்லியிருக்கிறார்கள். பெண் தொண்டர்கள் இருவர் வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் உங்கள் ராத்தாவோடு இருப்பார். மற்றவர் வீட்டாரோடு வெளியே இருப்பார், கதை நடுவில் யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வந்து சேர்ந்த தொண்டர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

முன்பு கிண்ணியாவுக்குப் பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்த பிறகு தூரம் ஒரு சாட்டு இல்லை. கந்தளாய், சேருவில பக்கத்திலிருந்து வரும் சிங்களச் சகோதரர்களோடு கதைக்க நன்றாகச் சிங்களம் தெரிந்த இரண்டு பேர் உண்டு. அரைகுறைச் சிங்களத்தில் துக்கம் கேட்க நாங்கள் முயல்வதில்லை. துக்கத்தை மனிதர் தாய்மொழியில்தான் சொல்வார்கள்.

"நடுச்சாமத்தில தாங்க ஏலாம வந்தா உங்கள எடுக்கலாமா?"

எங்களால் இரவில் ஏலாது. சின்னக் குழு. பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. இரவு பகல் எந்த நேரமும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். 1333ம் காசு இல்லாமல் அழைத்துக் கதைக்கக்கூடிய இலக்கம். பிள்ளைகள் விசயம் என்றால் 1929. பெண்களுக்கு 1938. உயிர் ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். பொலிசுக்கு 119. இவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி, போகும்போது கையில் கொடுக்கிறோம். வீட்டில் அந்த அட்டை இருப்பது சிக்கல் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மனதில் வைத்துக்கொள்ளும் விதமாகச் சொல்லித் தருவோம்.

"நான் ஓ.எல். வரைக்கும்தான் படிச்சனான். தொண்டரா சேரலாமா?"

தாராளமாக. எங்களில் மிக நன்றாகக் கேட்பவர் ஒரு தையல்காரர். நன்றாகக் கதைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது கஷ்டம். ஆசிரியர்களும் சமயப் பெரியவர்களும் சேர்ந்து முதல் மாதம் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே ஓய்வு பெற்ற ஆசிரியர். யாராவது ஒரு சிக்கலைச் சொன்னால் கரும்பலகைக்குப் போக என் கை தானாக எழும்பும்.

எட்டுக் கிழமைப் பயிற்சி உண்டு. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, மாறி மாறிப் பழகுவோம். அண்மையில் தன் வீட்டிலேயே பெரிய இழப்பு நடந்தவரை ஒரு வருசமாவது பொறுக்கச் சொல்கிறோம். விருப்பம் இருந்தாலும், மற்றவர் துக்கத்துக்குள் தன் துக்கத்தைத்தான் அவர் கேட்பார். அந்த வருசம் அவர் மற்றக் கதிரையில் இருக்கட்டும்.

"கேக்கும்போது என்ன சொல்லணும்? ஆறுதலா நாலு வார்த்தை சொல்லத்தானே வேணும்?"

எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போனால் சொல்வதற்கென்று வசனங்கள் இருக்கின்றன. "யோசிக்காதேங்க." "எல்லாம் எழுதின விதி." "பிள்ளையளுக்காகத் தேறி எழும்பணும்." "இதைவிடக் கஷ்டப்பட்ட சனம் எத்தனை இருக்கு." நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் கேட்பவருக்கு 'இத்தோடு நிறுத்து' என்றுதான் விழுகிறது. அழுகையைக் காண எங்களால் தாங்க முடியவில்லை, அதனால் அவசரமாக மூடி போடுகிறோம்.

அதற்குப் பதில் அவர் சொன்னதிலேயே ஒரு துண்டை எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். "அவர் போன பிறகு பின்னேரம்தான் பெரிய கஷ்டம்" என்று ஒரு அம்மா சொன்னால், "பின்னேரம்..." என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவரே சொல்வார்: ஆறு மணிக்குக் கேற் சத்தம் கேட்கும், அவர் சைக்கிளைச் சாத்துவார், இப்போது அந்த நேரத்துக்கு றேடியோவைக் கூட்டி வைக்கிறேன் என்று. "ஏன் றேடியோ?" என்று கேட்கத் தேவையில்லை. 'ஏன்' என்ற சொல்லைக் கவனமாகப் பாவியுங்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அது விசாரணை போலக் கேட்கும். 'எப்படி', 'அப்ப என்ன நடந்தது' என்பவை மெதுவான சொற்கள்.

உங்கள் சொந்தக் கதையைச் சொல்லாதீர்கள். "எனக்கும் இப்பிடித்தான்" என்று தொடங்கிய அந்த நிமிசத்திலிருந்து அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்குவார். நம் சனங்களின் மரியாதை அப்படி.

"அவர் ஒண்டுமே கதைக்காம இருந்தா?"

இருக்கட்டும். கூட இருங்கள். கதிரைகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுவது இதற்காகத்தான். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் மௌனம் அவ்வளவு கனக்காது. எங்கள் அறைக் கதிரைகள் வாசலைப் பார்த்தபடி இருக்கின்றன.

அனுமதியோடு எழுதுகிறேன் என்று சொன்ன சம்பவம் இதுதான். மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய். வந்து இருந்தார். இருபது நிமிசத்துக்கு மேல் ஒரு சொல் இல்லை. நான் பிளேன்ரீயை வைத்தேன், அது ஆடை கட்டி ஆறிப்போனது. எனக்குள் ஆசிரியர் எழும்பி ஏதாவது கேள், கேள் என்று குத்திக்கொண்டே இருந்தார். அப்போது ஒரு மான் வாசலுக்கு வந்தது. இந்த நகரத்தில் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் மான்கள் மாடு போலத் திரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். தலையை உள்ளே நீட்டிப் படியில் கிடந்த வாழைப்பழத் தோலை மணந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "அவன் சின்னனில இதுகளுக்குப் பாண் போடுவான். நான் ஏசுவன்" என்றார். அன்று மேலும் ஒரு மணித்தியாலம் கதைத்தார். நான் அந்த இருபது நிமிசத்துக்குள் எதையாவது கேட்டிருந்தால் அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு எழும்பிப் போயிருப்பார்.

"அழத் தொடங்கினா?"

அழட்டும். தண்ணீரும் கடதாசிக் கைக்குட்டையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நீங்களே எடுத்து நீட்டினால் 'துடைச்சிட்டு நிப்பாட்டு' என்று சொன்னது போல ஆகிவிடும்.

"நடந்ததை முழுக்க ஒருக்காச் சொல்ல வைச்சா பாரம் இறங்கும் தானே? சுனாமி நேரம் வந்தவங்க அப்பிடித்தான் செய்தாங்க."

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ பேர் நல்லெண்ணத்தோடு வந்து, முகாமில் இருந்தவர்களிடம் 'என்ன நடந்தது, எப்படி நடந்தது' என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. சொன்னவர்கள் அந்த இரவை எப்படிக் கழித்தார்கள் என்பதைப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது: நடந்ததை விவரமாகச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. பார், கேள், இணை என்ற மூன்றுதான் அதன் அடிப்படை. ஆபத்து இருக்கிறதா, பசியா, தனியாகவா என்று பார்ப்பது. அவர் சொல்ல விரும்பினால் கேட்பது. தேவையான உறவோடும் உதவியோடும் சேர்த்து விடுவது. சொல்ல விரும்புவதைக் கேட்பது வேறு, சொல்லாததைத் தோண்டுவது வேறு. போரை விட்டு வந்தவர்களிடமும் இதேதான். 1990இல் படகேறி இந்தியா போய் முகாமில் பிள்ளை பெற்று வளர்த்துத் திரும்பியவர், அந்தக் கடல் இரவைப் பற்றிக் கதைக்காமல் தன் மகளின் அடையாள அட்டைப் பிரச்சினையை மட்டும் கதைக்கலாம். அன்றைக்கு அவருடைய கதை அதுதான்.

"'சாகலாம் போல இருக்கு' எண்டு சொன்னா என்ன செய்யிறது? அதைப் பற்றிக் கேட்டா ஞாபகப்படுத்தினது போல ஆகாதா?"

ஆகாது. பல பேரின் உயிர் இந்தத் தவறான பயத்தில் தொங்குகிறது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கனவே உள்ளே இருக்கிறவருக்கு, யாரோ ஒருவர் பதறாமல் கேட்டதே பெரிய ஆறுதல். "உயிரை விடணும் எண்டு நினைக்கிறீங்களா?" என்று தமிழில், சுற்றி வளைக்காமல், மெதுவான குரலில் கேளுங்கள். "அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்காதீர்கள். அதற்கு இல்லை என்ற பதில்தான் வரும்.

ஓம் என்றால், அறிவுரையோ அழுகையோ வேண்டாம். இந்த இடத்தில் மட்டும் நாங்கள் வெறுமனே கேட்டுக்கொண்டு இருப்பதில்லை. அதற்கு வழி யோசித்து வைத்திருக்கிறாரா, இன்றைக்கா என்று கேட்போம். அவரைத் தனியே விட மாட்டோம். ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்கும்படி, அவருடைய சம்மதத்தோடு, அவர் நம்பும் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்வோம். பிறகு வைத்தியசாலைக்குக் கூடப் போவோம். 1990களின் நடுவில் இலங்கை உலகிலேயே மிக அதிகமாக உயிர்மாய்ப்பு நடக்கும் நாடுகளில் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தக் கொடிய நிமிசம் கடந்து போகக்கூடியது. கடக்கும் வரை இடைவெளி வேண்டும், ஆள் வேண்டும்.

பொலிசில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு போகாமல் மறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உயிர்மாய்க்க முயல்வது 1998இலிருந்து இலங்கையில் குற்றம் அல்ல. இதை உங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

"மகன் 2006இல காணாமல் போனவர். அம்மா இன்னும் காத்திருக்கிறா. 'இனி வரமாட்டார்' எண்டு சொல்லி மனசைத் தேற்றலாமா?"

வேண்டாம். எனக்கு இதைவிடக் கஷ்டமான கேள்வி இல்லை. செத்தவீட்டுக்கு ஒரு முடிவு உண்டு: எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துக்கம் படிப்படியாக இறங்கும். காணாமல் போனவரின் வீட்டில் படிகள் இல்லை. விளக்கு வைத்தால் மகனைக் கொன்றது போல, வைக்காவிட்டால் கைவிட்டது போல. ஒரு அம்மா இரவில் கேற்றுக்கு உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. உறவினர் கள்ளர் பயம் சொல்லி ஏசுகிறார்கள். "அவன் வந்து தட்டி, நான் நித்திரையில கேக்காம விட்டா?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை.

வருவார் என்றும் சொல்லாதீர்கள், வரமாட்டார் என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் உங்களுக்குத் தெரியாது. மகனைப் பற்றிக் கேளுங்கள்: என்ன கறி பிடிக்கும், எந்தப் பள்ளிக்கூடம், எப்படிச் சிரிப்பார். 2016இல் சட்டமாகிய காணாமல் போனோர் அலுவலகம் பற்றியோ, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் பற்றியோ அவரே கேட்டால், விவரம் தெரிந்தவரிடம் சேர்த்து விடுகிறோம். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ எங்கள் வாயால் வராது. மகனின் படத்தோடு வீதிப் போராட்டத்தில் நிற்பதும் நிற்காமல் இருப்பதும் அவருடைய விருப்பம்.

"புருசன் அடிக்கிறார் எண்டு சொல்லுறா. பிள்ளையளுக்காகச் சேர்ந்து இருக்கச் சொல்லலாமா? இல்ல, விட்டுட்டு வரச் சொல்றதா?"

இரண்டையும் சொல்ல மாட்டோம். சேர்ந்து இரு என்று ஊரே சொல்லியிருக்கும். விட்டுவிட்டு வா என்று சொல்வது நமக்குச் சுலபம். போக இடமும் அடுத்த வேளைச் சாப்பாடும் அவர்தான் தேட வேண்டும். வெளியேறும் நேரம்தான் அடி மிகக் கூடும் நேரமாகவும் இருக்கலாம் என்பதை அவர் எங்களைவிட நன்றாக அறிவார்.

சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வோம். இது உங்கள் பிழை அல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். காயம் இருந்தால் இன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளைக்கும் அடி விழுகிறது என்றால், வெளியே சொல்வது பற்றி மேலே எழுதிய விதி இங்கே பொருந்தும். ஒருபோதும் கணவனைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச மாட்டோம். அப்படிப் பேசப் போய், பெண் வீடு திரும்பிய பிறகு நடந்ததைக் கேட்டிருக்கிறோம்.

"ஆறு மாசமா ஒரே கதையைத்தான் சொல்லுறார். போதும் எண்டு சொல்லலாமா?"

ஒரே கதைதானா என்று உற்றுக் கேளுங்கள். பல நேரம் அது ஒரே கதையாக இருக்காது. முன்பு "அவங்க என்னைத் துரத்தினாங்க" என்றவர் இப்போது "நான் வந்திட்டன்" என்பார். அந்த ஒரு சொல் மாற்றத்துக்கு ஆறு மாதம் எடுத்திருக்கும்.

உண்மையிலேயே ஒரு இடத்தில் நின்றுவிட்டது என்றால், அல்லது அவருக்கு நம்மை விட்டால் ஆளே இல்லை என்று ஆகிவிட்டது என்றால், அது நல்லதல்ல. குழுவில் கலந்து கதைத்து, கிழமைக்கு ஒன்றை இரண்டு கிழமைக்கு ஒன்றாக்குவோம். உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போக விருப்பமா என்று கேட்போம். திடீரென்று கதவைச் சாத்த மாட்டோம்.

"எனக்கே நித்திரை வருதில்ல. கேட்ட கதை தலைக்குள்ள சுத்துது. நான் இதுக்குச் சரிவர மாட்டனா?"

சரிவருவீர்கள். சுற்றாவிட்டால்தான் நாங்கள் யோசிப்போம். ஒவ்வொரு பின்னேரமும் அறையைப் பூட்ட முன் தொண்டர்கள் அரை மணித்தியாலம் இருந்து, பெயரும் விவரமும் இல்லாமல், தங்களுக்கு என்ன கனத்தது என்று கதைக்கிறோம். அதைத் தவறவிட்டு வீட்டுக்கு ஓடுகிறவர்தான் நித்திரை இல்லாமல் படுக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் கேட்க வேண்டாம். எங்களில் சிலர் நேரே வீட்டுக்குப் போகாமல் கடற்கரையில் ஒரு நடை நடந்துவிட்டுப் போவார்கள். ஒருவர் போனதும் முதலில் குளிப்பார், செத்தவீட்டுக்குப் போய் வந்தது போல. கனம் இறங்காமல் கிழமைகள் போனால் சில மாதம் ஓய்வு எடுங்கள். கதிரை இருக்கும்.

"உங்கட இடத்துக்கு வந்து அழுதிட்டுப் போறன். பிறகு உங்களச் சந்தையில கண்டா நான் என்ன செய்யிறது?"

ஒன்றும் செய்யத் தேவையில்லை. நாங்களாக முதலில் கதைக்க மாட்டோம். தெரிந்தது போலக் காட்டவும் மாட்டோம், அது பாராமுகம் அல்ல. உங்களோடு மகளோ மாமியோ நிற்கலாம், 'இவ ஆர்? எப்பிடித் தெரியும்?' என்ற கேள்விக்கு நீங்கள் பதில் தேட வேண்டி வரும். நீங்கள் சிரித்தால் நாங்களும் சிரிப்போம். கதைத்தால் நீங்கள் எடுத்த கதையைத்தான் கதைப்போம், அறையில் கதைத்ததை அல்ல.

மனைவி இறந்த பிறகு நிறைய நாள் வந்த ஒருவர், பிறகு வராமல் விட்டுவிட்டார். எப்படி இருக்கிறாரோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரு சனிக்கிழமை காலை மீன் சந்தையில் பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டே, "இண்டைக்குப் பாரை நல்லா இருக்கு ரீச்சர்" என்றார். அவர் பையில் பாரையும் ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணியும் இருந்தன. நானும் அரைக் கிலோ பாரை வாங்கிக்கொண்டு வந்தேன்.